ரேக் நிறைய இருந்தும் வாங்கச் சொல்லும் கம்ப்யூட்டர்

அன்புள்ள கண்ணு,

"ரேக் நிறைய 6203 பேரிங் இருக்கு, கம்ப்யூட்டர் இன்னும் வாங்கச் சொல்லுது. எதைப்பா நம்பறது?" என்று உன் பம்ப் கம்பெனி ஸ்டோரைப் பற்றிக் கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் வாங்கச் சொல்ல வேண்டும் என்ற எண் எப்படி வருகிறது என்று முதலில் பார். நாளுக்குச் சராசரி 40 பேரிங், சரக்கு வர 12 நாள் என்றால் 480. அவசர நாளில் 55 செலவாகி, சப்ளையரும் 18 நாள் இழுத்தால் 990. இடையில் உள்ள 510தான் சேஃப்டி ஸ்டாக், அதாவது அவசரத்துக்கென்று வைக்கும் கூடுதல் இருப்பு. இருப்பு 990க்கு இறங்கியதும் சிஸ்டம் வாங்கச் சொல்லும். ரேக்கில் 900 கிடந்தால் கண்ணுக்கு நிறைவாகத்தான் தெரியும். நாளுக்கு 55 போனால் 16 நாளில் காலி.

ஆனால் கையெழுத்துப் போடும் முன், வரவேண்டிய ஆர்டரையும் இருப்போடு கூட்டிக்கொள்கிறதா என்று கேள். கூட்டாவிட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு ஆர்டர் போகும். உற்பத்தி லைனில் மிஞ்சியது ரிட்டர்ன் என்ட்ரி இல்லாமல் ரேக்கில் ஏறியிருந்தாலும் கணக்கு குறைவாகத்தான் காட்டும். இதைவிட மோசம், நைட் ஷிப்டில் இஷ்யூ ஸ்லிப் (சரக்கு எடுத்ததற்கான சீட்டு) போடாமல் எடுப்பது. ஸ்கிரீனில் 300 நிற்கும், ரேக்கில் ஒன்றும் இருக்காது, லைன் நின்றுவிடும்.

அதிகம் ஏமாற்றுவது லீட் டைம், அதாவது சரக்கு கேட்டதிலிருந்து வந்து சேரும் வரை ஆகும் நாள். சாஃப்ட்வேர் போட்ட அன்று யாரோ 7 என்று அடித்திருப்பார்கள், பிறகு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். கடைசி 10 ஆர்டரை எடு. இன்டென்ட் (வாங்கக் கேட்கும் சீட்டு) போட்ட தேதிக்கும் ஜிஆர்என் (சரக்கு வந்ததும் போடும் சீட்டு) தேதிக்கும் எத்தனை நாள் என்று எண்ணு. உன் மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கும் 3 நாளும் அதில் சேர்த்திதான், கண்ணு.

பம்புக்குக் கோடைதான் சீசன். 12 மாதச் சராசரியை வைத்து மார்ச் மாதத் தேவையைச் சொல்ல முடியாது. போன வருடம் அதே மாதங்களில் என்ன செலவானது என்று தனியாக ரிப்போர்ட் எடு. எப்போதோ ஒருமுறை வந்த பெரிய ஆர்டர் சராசரியை ஏற்றிவிட்டிருந்தால் அதைக் கழித்துவிடு.

எல்லா ஐட்டத்தையும் ஒரே வாரத்தில் நோண்டாதே. பண மதிப்பில் மேலே நிற்கும் 20 ஐட்டத்தை ஸ்டோர் ஆளோடு நின்று எண்ணு. பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலையும் சேர்த்துக்கொள். மதிப்புப் பட்டியலில் அது கீழே இருக்கலாம், ஆனால் அது இல்லாமல் பம்ப் வெளியே போகாது.

எண்ணியதும் வித்தியாசம் எத்தனை என்று எழுது. லீட் டைமை எத்தனை நாளாக மாற்றலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா