மறதிக்கு மருந்து கேட்குமுன் குறட்டையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் மறதி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை சர்க்கரை, இரத்த அழுத்தம், தனிமை எல்லாவற்றையும் தொட்டது. குறட்டையை மட்டும் விட்டுவிட்டது. டர்பனின் சேட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ‘அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கேட்டதையே கேட்கிறார்’ என்று வீட்டார் ஒதுக்கிவிடும் குறைகளில் சில, தூக்கத்தில் மூச்சு அடைபடுவதால் வருபவை.

இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். இது உள்ளவர் தூங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அது ஒரு தடை என்ற கணக்கு. மூச்சு பாதி அடைபட்டு ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்து எண்ணுவார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது. 30 ஆகிவிட்டால் கடுமையானது, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடை. தடை முடியும்போது மூளை பெரும்பாலும் சில விநாடி விழித்துவிட்டு மறுபடி உறங்குகிறது. காலையில் இது எதுவும் நினைவிருக்காது. ‘நன்றாகத்தான் தூங்கினேன்’ என்று அவர் சொல்வது பொய்யல்ல. பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

தூக்கம் துண்டுபடுவதும், ஆக்சிஜன் இறங்கி ஏறுவதும் சேர்ந்து மூளையைப் பாதிக்கின்றன. முதலில் அடிபடுவது நீடித்த கவனம். பேச்சும் சொல்வளமும் பெரும்பாலும் கெடுவதில்லை. அதனால் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கும் மருத்துவருக்குக் குறை தெரியாது. திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்தும் சலிப்பான சோதனையைப் பத்து நிமிடம் கொடுத்தால் தெரியும்: தொடக்கத்தில் சரியாகச் செய்வார், போகப்போக இடையிடையே அரை விநாடிக்கு மேல் தாமதம் விழும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்3 சாலையில் இரவில் 80 கி.மீ. வேகத்தில் லாரி ஓட்டுபவருக்கு அரை விநாடி என்பது 11 மீட்டர். மூன்று விநாடி அசந்தால் சுமார் 67 மீட்டர். அந்த வழியிலுள்ள வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் அதுவே அதிகம். இரண்டு வேலைகளை மனத்தில் ஒருசேர வைத்திருப்பது, திட்டமிடுவது, சற்றுமுன் கேட்டதைப் பிறகு நினைவுகூர்வது எல்லாம் இதன் பின்னால் தடுமாறுகின்றன.

ஒல்லியாக இருப்பவருக்கு இது வராது என்ற நினைப்பு தவறு. நம்மவர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வருவதுண்டு. பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பின், குறட்டையைவிட அசதியும் தூக்கமின்மையும் முன்னே நிற்கும். மனச்சோர்வு மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும், காலைத் தலைவலியும் தடயங்களே.

வீட்டில் செய்யும் தூக்கச் சோதனையில் ஒரு குறை உண்டு. பல கருவிகள் தடைகளின் எண்ணிக்கையைத் தூங்கிய நேரத்தால் வகுக்காமல், பதிவான மொத்த நேரத்தால் வகுக்கின்றன. இரண்டு மணி நேரம் புரண்டு கிடந்தவருக்கு எண் குறைவாக வரும். அறிகுறி வலுவாக இருந்தும் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் ஆய்வுக்கூடத்தில் முழு இரவுச் சோதனை கேட்க வேண்டும்.

முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சீபேப் (CPAP) இயந்திரம் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. முகமூடி கசிந்தால் பட்டையை இறுக்குகிறார்கள். அது கசிவைக் கூட்டவும் செய்யும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது பொருத்த வேண்டும். தலைக்குத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிந்தால் முகமூடியின் சிலிக்கோன் ஒட்டாது. முகத்தில் படும் அந்த சிலிக்கோன் பகுதியைத் தினமும் மென்மையான சோப்பால் கழுவுங்கள். விழிக்கும்போது வாய் காய்ந்திருந்தால் வாய்வழியே காற்று போகிறது. மூக்கையும் வாயையும் மூடும் வகை தேவைப்படலாம். இயந்திரத்தின் ஈரமூட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர், தினமும் மாற்றியது. மின்வெட்டுக்கு பேட்டரி வாங்குவோர் இயந்திரம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று அடிப்புறம் பார்த்து வாங்கட்டும். பேட்டரியில் ஓடும்போது ஈரமூட்டியை அணைத்தால் அதிக நேரம் தாங்கும்.

‘நான்கு மணி நேரம் போட்டால் போதும்’ என்பது முறையாகப் பயன்படுத்துகிறாரா என்று சரிபார்க்க வைத்த குறைந்தபட்சக் கணக்கு. கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் மிகுதி, பலருக்குத் தடையும் அப்போதுதான் மோசம். மூன்று மணிக்கு முகமூடியைக் கழற்றினால் இரவின் மோசமான பகுதிதான் காப்பின்றிப் போகிறது.

ஒழுங்காகப் போட்டால் பகல் உறக்கம் நன்கு குறையும். நினைவாற்றல் மெதுவாக, சிறிதளவே மேம்படலாம். மூன்று மாதமாகியும் தெளிவு வராவிட்டால் முதலில் இயந்திரத்தில் பதிவான கசிவையும் மிச்சத் தடைகளையும் பாருங்கள். அது சரியாக இருந்தால் தைராய்டு சோதனை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கும் மரக்கறி மட்டும் உண்பவருக்கும் வைட்டமின் பி12 சோதனை. தூக்க மாத்திரையும் இரவு மதுவும் உண்டா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தூக்க ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்கள் இருவர்,
டர்பன்.