கண் மறைப்பும் வகுப்பறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சோம்பேறிக் கண் குறைபாடுள்ள எங்கள் ஐந்து வயது மகளுக்கு, நன்றாகத் தெரியும் கண்ணைப் பட்டை ஒட்டி மறைத்து, மங்கலான கண்ணைப் பழக்கும் சிகிச்சை நடைபெறுகிறது. பட்டையைப் பிய்த்தெறிவதும், ஒட்டிய இடத்தில் தோல் சிவப்பதும், அதனால் வீட்டில் எழும் அழுகையும் ஒருபுறமிருக்க, கரும்பலகை தெரியாமல் திணறுபவளைக் கவனமில்லாதவள் என்று வகுப்பில் கண்டிப்பதுதான் பெரும் வேதனை. மிதமான பாதிப்புள்ள, ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர மறைப்பும் 6 மணி நேர மறைப்புக்கு நிகரான பலன் தந்ததாக 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மருத்துவர் ஒப்பினால் மாலையில் வீட்டிலேயே ஒட்டலாம். ஒரு கண்ணின் குறையை மற்றது ஈடுகட்டிவிடுவதால் பெற்றோருக்கு எளிதில் தெரிவதில்லை. எனவே, அங்கன்வாடிகளிலும் எல்.கே.ஜி. சேர்க்கையின்போதும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மறைத்துப் பரிசோதிக்க அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், கும்பகோணம்.