டிபன் கட்டிக்கொண்டு போ, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய ஃபிரிட்ஜ் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை மதியம் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் திரும்பவில்லை, கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு "டபுள் டோரா?" என்று கேட்டாள். தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் இன்னும் பிளக் போடவில்லை. கொண்டுவந்த உடனே போடக்கூடாது, கொஞ்ச நேரம் விட்டுத்தான் போடணும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றைக்கு ஐந்து நாள் ஆகிறது.

போனிலேயே பேசியிருக்கலாம். நீ "ஃபேக்டரில இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. தீபாவளிக்குப் பிறகு நீ என்னோடு ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசவில்லை. இங்கேயும் தம்பி பக்கத்திலேயே இருக்கிறான், அவன் காதில் விழுந்தபடி எல்லாவற்றையும் பேச முடியாது. பொங்கல் கழித்து எனக்குக் கண் ஆபரேஷன். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

அங்கே மார்கழிக் குளிர் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். சூடாகச் சாப்பிடு. ஃபேக்டரிக்கு இன்ஸ்பெக்ஷன் போகும்போது டிபன் கட்டிக்கொண்டு போ. அவர்கள் வாங்கித் தருவதைச் சாப்பிடாதே. காலையில் நேரமில்லை என்றால் இரண்டு சப்பாத்தியில் ஊறுகாய் தடவி எடுத்துக்கொண்டு போ, போதும்.

பனியன் கம்பெனியில் உன்னைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. நீ கழுத்தில் அடையாள அட்டை மாட்டி நிற்கிற போட்டோவை டேபிளில் இருக்கிற எல்லோருக்கும் காட்டிவிட்டேன். லீவு நாளில் என் செக்கிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து, பழுது இருக்கிற இடத்தில் நாங்கள் ஒட்டுகிற அரோ ஸ்டிக்கரை உரித்து உரித்து முழங்காலில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, இன்றைக்கு நொய்டாவில் சரக்கு வாங்குகிற பையர் சார்பாகப் போய் மொத்த லாட்டையே நிறுத்துகிற இடத்தில் இருக்கிறாள். எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு இப்போது கறுப்பு கலர் பீஸ் தருவதில்லை. சூப்பர்வைசர் பையன் நல்லவன், வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாகப் பார்த்துத் தருகிறான். கறுப்புத் துணியில் ஆயில் கறை டியூப் லைட்டுக்குக் கீழே தெரியவே தெரியாது, உனக்குத் தெரியுமே. துணியைச் சாய்த்துப் பிடித்து, கறை பளபளக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இப்போது எல்லாமே பளபளக்கிறது. ஆனால் கை இன்னும் சரியாக இருக்கிறது. தோள் ஜாயிண்டில் கட்டை விரலை ஓட்டினால் தையல் விட்ட இடத்தில் தானாக நின்றுவிடும். போன வாரம்கூட புதுப் பெண் ஒருத்தி பாஸ் செய்து அடுக்கிய கட்டுக்குள்ளிருந்து, கண்ணை மூடிக்கொண்டே மூன்று பழுது பீஸ் எடுத்துக் கொடுத்தேன். இதை உன்னிடம் பெருமைக்காகச் சொல்கிறேன்.

நீ தீபாவளிக்கு 20,000 அனுப்பினாய். கார்த்திகையில் மறுபடி 15,000. இப்போது ஃபிரிட்ஜ். வேலையில் சேர்ந்தபோது ஆபர் லெட்டரை நீதானே எனக்கு வாசித்துக் காட்டினாய். அங்கே ரூம் வாடகை எவ்வளவு, மெஸ்ஸுக்கு எவ்வளவு என்பதும் நீ சொன்னதுதான்.

அதை விடு. சம்பளம் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் நீ முதலில் எனக்குத்தான் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன்.

உன் அப்பா இருந்திருந்தால் நேராகவே கேட்டிருப்பார். 2011-ல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது, மூன்று மாசம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த மனுஷன், ராத்திரியில் திருட்டுத்தனமாக ஓட்டுகிற பட்டறைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. நொய்யல் ஆற்றில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், இனி என் கையால் சாயத் தண்ணியைத் திறந்துவிட மாட்டேன் என்றார். அப்போது நான் அவரோடு சண்டை போட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் மாதிரிப் பேச எனக்கு வாய் வராது.

நீ படிக்கும்போது ராத்திரி அந்த இன்ஸ்பெக்ஷன் அட்டவணையை மனப்பாடம் செய்வாயே. 2,000 பீஸ் லாட் என்றால் 125 எடுக்கணும், பெரிய குறை, அதாவது மேஜர், 7 வரைக்கும் பாஸ், 8 வந்தால் ஃபெயில், சின்னக் குறை மைனர் 10 வரைக்கும், ஆபத்தான குறை கிரிட்டிக்கல் ஒன்றுகூடக் கூடாது. நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தனை வருஷம் செக்கிங்கில் இருந்த எனக்கு, நாங்கள் பார்த்து அனுப்புவதை அவர்கள் என்ன கணக்கில் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு அந்த எட்டாவது பீஸைப் பற்றித்தான் பயம் அம்மிணி. ஏழு வரைக்கும் யாரும் உன் பக்கத்தில் வர மாட்டார்கள். எட்டாவது பீஸை நீ மேஜரில் வைக்கப் போகும்போது மேனேஜர் வந்து நிற்பான். அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "இது மைனர்தானே மேடம், ஒரு வாஷில் போயிடும்" என்பான். குரல் ரொம்ப மரியாதையாக இருக்கும். அதற்குள் ஜூஸ் வந்திருக்கும். இந்தப் பக்கம் நின்று அந்த ஜூஸைக் கொண்டுபோய் வைத்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

உன்னை மாதிரி இன்ஸ்பெக்ஷனுக்கு ஒருத்தர் வருவார், பெயர் வேண்டாம். கம்பெனி காரே போய்க் கூட்டி வரும். பெட்டியை அவரே போய் நம்பர் சொல்லி எடுக்க வேண்டும் இல்லையா, 100 பெட்டி இருந்தால் 10 பெட்டி. அவர் ஏசி ரூமை விட்டு எழுந்ததே இல்லை. முந்தின நாளே நல்ல பீஸாகப் பொறுக்கி நாங்கள் 12 பெட்டி தனியாகக் கட்டி முன்னால் அடுக்கியிருப்போம், அதிலிருந்து உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள். பிரியாணி வரும். போகும்போது கவர். பாஸ் என்று தெரிந்ததும் எங்களுக்கும் சந்தோஷம்தான், நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம். அப்படிப் போன ஒரு சரக்கு அங்கே கடையில் தோள் பிரிந்து திரும்பியது. பையர் பணத்தில் பிடித்த டெபிட்டை முதலாளி யார் தலையில் எழுதினார்? மூன்று சனிக்கிழமை சம்பளம் இல்லை. திங்கட்கிழமையில் இருந்து வர வேண்டாம் என்று செக்கிங் பெண்கள் பதினொரு பேருக்குச் சொன்னார்கள். அதில் உன் சித்தி ஒருத்தி. அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். கவர் வாங்கியவர் அடுத்த மாசமும் வந்தார்.

இன்னொரு தடவை இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். உள்ளே வாங்க மேடம் என்று எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. குடோனுக்குள் அவளே போய் அடியில் இருந்த பெட்டிகளாகப் பார்த்து உருவச் சொன்னாள். பீஸை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் ஷேடு பார்த்தாள். ஃபெயில். அன்று ராத்திரி முழுக்க ரீசெக். விடியற்காலை நாலு மணிக்கு வெறும் டீயைக் குடித்துக்கொண்டு அவளை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. நானும் திட்டினேன். ஆனால் அந்த லாட்டில் நாங்கள் பொறுக்கியது நாலு கட்டைப்பை நிறைய ஓட்டையும் தையல் விட்டதுமாக. கழித்த பீஸ் விற்கிற காதர்பேட்டைக்குத்தான் போயிற்று. அந்த ஆர்டர் அடுத்த வருஷமும் வந்தது, எங்களுக்கும் வேலை இருந்தது. நீ இந்தப் படிப்புத்தான் படிக்கணும் என்று நான் பிடிவாதமாக நின்றேனே, அந்தப் படிக்கட்டில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தவளை மனசில் வைத்துக்கொண்டுதான்.

அதனால்தான் டிபன் டிபன் என்கிறேன். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்பதற்காக மட்டும் இல்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டு ராத்திரி படுத்தேன், தூக்கம் வரவில்லை. உன்னைக் கேட்க வந்தவள் என்னுடையதைச் சொல்லாமல் கேட்பது சரியில்லை. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

2009 பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. அப்போது நான் இருந்தது மெயின் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டில், உனக்கு அந்தத் தகரக் கொட்டகை ஞாபகம் இருக்கும். கைக்குழந்தை போடுகிற ரோம்பர் ஓடியது, காலிடுக்கில் டிச் பட்டன் வைத்தது. ஊசி ரெஜிஸ்டர் என் பொறுப்பு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, தாளில் சேர்த்து டேப் ஒட்டி, மிஷின் நம்பர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தி, அந்த மிஷினைச் சுற்றி இருக்கிற பண்டல் எல்லாவற்றையும் காந்தத்தை வைத்துத் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அந்த பண்டல் முழுக்க ஒதுக்க வேண்டும்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தது. மேல் துண்டு மிஷினிலேயே இருந்தது. முனை இல்லை. அரிசி மணியில் பாதிகூட இருக்காது. நானும் டெய்லருக்கு உதவியாக இருந்த கைமடிப் பெண்ணும் தரையெல்லாம் காந்தத்தை இழுத்தோம், அரை மணி நேரம் தேடினோம். வெளியே வண்டி நிற்கிறது. சரக்கு ஏறினால்தான் எல்லோருக்கும் சம்பளம், பொங்கல் பணம். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை அம்மிணி. முதலாளி அந்தப் பக்கமே வரவில்லை. நானாகத்தான் செய்தேன். டப்பாவில் கிடந்த பழைய ஊசி ஒன்றை எடுத்துக் கட்டிங் பிளேயரில் முனையை நறுக்கி, மேல் துண்டுக்குக் கீழே பொருத்தி வைத்து டேப் ஒட்டினேன். கனம்கூட ஒன்று போலவே இருந்தது. கையெழுத்துப் போட்டேன். வண்டி போய்விட்டது.

மெயின் கம்பெனியில் மெட்டல் டிடெக்டர் இருக்கும், அதில் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே மிஷின் இருந்ததா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஒருவேளை அந்த முனை தரை இடுக்கில் கிடந்திருக்கும். ஒருவேளை குப்பையோடு போயிருக்கும். எந்த ஊரில் எந்தக் குழந்தை அதைப் போட்டதோ, அந்த டிச் பட்டனை அதன் அம்மா எப்படி மாட்டினாளோ, எனக்குத் தெரியாது. உன் தம்பி அப்போது கைக்குழந்தை. அன்று ராத்திரி வந்து அவனுக்குச் சட்டை மாற்றும்போது தையல் முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். இப்போதும் யார் வீட்டுக் குழந்தையைத் தூக்கினாலும் கை முதலில் அங்கேதான் போகிறது.

திங்கட்கிழமை முதலாளி 500 ரூபாய் கொடுத்தார். நீ இருந்ததால்தான் வண்டி நேரத்துக்குப் போச்சு என்றார். அவருக்கு விஷயம் தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா, தெரியாது. நான் வாங்கிக்கொண்டேன். அதில்தான் உனக்கு அந்த நீலப் பாவாடை எடுத்தேன். பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு நின்று எடுத்த போட்டோ, நீ ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு போனாயே, அதே பாவாடைதான்.

நீ ஏதாவது செய்திருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. அப்படி இருக்காது. ஆனால் ஏதாவது இருந்தால், உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். தைரியமாகச் சொல்லலாம். வேலையை விட்டுவிட்டு வர வேண்டி இருந்தால் வா. இங்கே வேலையா இல்லை? கடன் கிடன் ஏதாவது இருந்தாலும் சொல். சித்தி வளையல் என்னிடம்தான் இருக்கிறது, அவளே சொன்னாள்.

மற்றபடி விசேஷம் இல்லை. மாமா விஷயம் அப்படியேதான் இருக்கிறது, நீ அதில் தலையிடாதே. பங்குனியில் பெருமாநல்லூர் குண்டத்துக்குக் கட்டாயம் வந்துவிடு, போன வருஷமே வரவில்லை. ராத்திரி இன்ஸ்பெக்ஷன் முடிந்து வரும்போது தனியாக ஆட்டோவில் வராதே. டிபன் மறக்காதே.

ஆபரேஷன் செலவுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். காப்பீட்டு அட்டையில் பார்த்துக்கொள்கிறார்கள். அனுப்பினாலும் எடுக்க மாட்டேன்.

ஃபிரிட்ஜ் அப்படியே அட்டை சுற்றித்தான் இருக்கிறது. மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். கடையில் கேட்டேன், பத்து நாளுக்குள் என்றால் பிரிக்காமல் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி கிரிக்கெட் ஆடப் போய்விடுவான், பதினொரு மணி வரைக்கும் வர மாட்டான். நான் மட்டும்தான் இருப்பேன். அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா