ஏ.ஜி. ராம் சிங் ஆட்டக் கணக்குத் தொகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அமிர்தசரஸில் பிறந்து சென்னையைத் தன் ஊராக்கிக்கொண்டவர் கிரிக்கெட் வீரர் ஏ.ஜி. ராம் சிங். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மைசூர் ஒரே நாளில் 48, 59 என இரண்டு முறை சுருண்டது. அவருடைய இடக்கைச் சுழலுக்கு 19 ரன்னில் 6, 16 ரன்னில் 5 விக்கெட். சென்னை எடுத்தது 130தான். அதுவே இன்னிங்ஸ், 23 ரன் வெற்றிக்குப் போதுமானது. ஆனாலும் அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அப்பேர்ப்பட்டவர் கணக்கில் ஓர் எண் பிசகினாலும் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நூலக ஊழியர்களுக்கு முதல் நன்றி. தைத்துக் கட்டிய பழைய நாளிதழ்த் தொகுதியில் பந்துவீச்சுப் பத்தி முதுகுப் பள்ளத்துக்குள் போய்விடும். விரித்து அழுத்தினால் தாள் ஒடியும். ஒருபக்கம் மட்டும் தாங்கல் வைத்து, ஃப்ளாஷ் போடாமல், இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்துப் படமெடுக்க விட்டீர்கள். 3, 8 இரண்டும் பிரிந்து தெரிந்தது அதனால்தான்.

ஓய்வுபெற்ற ஸ்கோரர் ஐயா, உங்கள் கூட்டல் சோதனை இல்லையென்றால் தொகுப்பே இல்லை. பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்களோடு உதிரிகள் (எக்ஸ்ட்ராக்கள்) அத்தனையும் சேர்ந்தால்தான் மொத்தம் வரும். அந்தக் காலத்தில் வைடும் நோபாலும் வீசியவர் கணக்கில் ஏறாது. இன்றைய மென்பொருள் ஏற்றிவிடும். சரியான ஸ்கோர் அட்டையையே தப்பு என்று காட்டும். அதைத் திருத்திக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. மூன்று நாள் ஆட்டங்களில் இன்னொரு குழி உண்டு: இன்னிங்ஸ் முடியாத நாளில் அச்சான பந்துவீச்சு எண் மறுநாள் எண்ணுக்குள் அடக்கம். இரண்டையும் கூட்டினால் விக்கெட் இரட்டிக்கும்.

ராம் சிங்கின் மகன்களான ஆட்டக்காரர்கள் கிரிபால் சிங், மில்கா சிங் இருவருக்கும் அதே ஏ.ஜி. தான் தலைப்பெழுத்து. வெறும் ‘சிங்’ என்று அச்சான ஒவ்வோர் இடத்தையும் ஆண்டு, அணி, சக ஆட்டக்காரர் பார்த்துப் பிரித்துக் கொடுத்த அக்காவின் பொறுமைக்குக் கைகூப்புகிறோம்.

வீட்டிலிருந்த நாளிதழ்த் துண்டுகளை நம்பித் தந்தவர்களுக்கு: தேதியையும் இதழின் பெயரையும் பென்சிலில் உறைமேல் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். தயவுசெய்து செலோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்