லாடத்தைக் கழற்றினால் மூட்டு வலி போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வயதான குதிரைக்கு லாடத்தைக் கழற்றிவிட்டாலே மூட்டு வலி தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் 23 வயதுப் பெண் குதிரை ஒன்றைப் பராமரித்து வருகிறேன். முன்னங்கால்களில் குளம்புக்கு மேலுள்ள மூட்டிலும் பின்னங்கால் முட்டிகளிலும் அவளுக்குத் தேய்மானம். அந்தக் கடிதத்தை நம்பி யாராவது அவசரப்பட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

தேய்ந்த மூட்டு மறுபடி வளராது. லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. முதலில் பார்க்க வேண்டியது குளம்பின் முன்பக்க நீளம். குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் போட்டிருந்தால் தரையில் தேயவும் வழியில்லை. முன்பக்கம் நீண்டுவிட்டால் ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் மூட்டு கூடுதலாக இழுபடும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவுவது வழக்கம் என்றாலும், வலியுள்ள குதிரையை 8 வாரம் வரை விடவே கூடாது என்பேன்.

அடுத்தது, காலைத் தூக்கிப் பிடிக்கும் விதம். இவளுடைய ஒரு பின்னங்காலைத் தூக்கினால் தரையில் ஊன்றிய மறுகால் நடுங்கும், காதுகள் பின்னால் மடியும், வாய் இறுகும். அதை முரட்டுத்தனம் என்று அதட்டிய லாடக்காரரை நான் மறுபடி அழைக்கவில்லை. இப்போது வருபவர் காலைப் பக்கவாட்டில் இழுப்பதில்லை. தரைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நாலு இழுப்பு அரம் போடுவார், இறக்கிவிடுவார், அவள் நிதானமானதும் மறுபடி எடுப்பார். அவர் வருவதற்கு முன் அவளைக் கொஞ்சம் நடக்கவிட்டு, மருத்துவர் சொன்னபடி வலி மருந்தும் கொடுத்துவிடுவோம். ஆணி அடிக்க இன்னும் அதிக நேரம் காலைப் பிடித்திருக்க வேண்டும் என்பதால், பின்னங்கால்களை லாடம் இல்லாமலே விட்டிருக்கிறோம்.

முன்னங்கால்கள் கதை வேறு. அவளுக்கு உள்ளங்குளம்பு மெல்லியது. லாடம் இல்லாமல் கல் தரையில் விட்டால் கூசிக் கூசி உடம்பைக் கோணலாக்கி நடக்கிறாள், அது மற்ற மூட்டுகளுக்குத்தான் பாரம். அதனால் எக்ஸ்ரே பார்த்த மருத்துவரும் லாடக்காரரும் கலந்து பேசி, முனை உருட்டிய லேசான லாடத்தை முன்னங்கால்களுக்கு மட்டும் போட்டார்கள். மெத்தென்ற மண் தரையில் இருக்கும் வேறொரு குதிரைக்கு நாலு காலிலும் லாடமே தேவைப்படாமல் போகலாம். வெளியே போகும்போது மட்டும் ரப்பர் குளம்புறை மாட்டுவதும் ஒரு வழி.

லாடத்தைக் கழற்றிய பிறகு குளம்பு சூடாகவே இருந்து, குதிரை முன்காலில் எடை வைக்கத் தயங்கினால், "போகப் போகப் பழகிக்கொள்ளும்" என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அது குளம்புக்குள் வரும் அழற்சியாக இருக்கலாம். வயதான குதிரைகளுக்கு அந்த ஆபத்து அதிகம். அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்