பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு ராட்டினம்

ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா, அமெரிக்கா
12.10.2025

அன்புள்ள பகவதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி, ஊசி, அப்புறம் பிசியோதெரபி என்று செப்டம்பர் முழுக்க அலைச்சல். இப்போது படி ஏறிவிடுகிறேன், இறங்கும்போதுதான் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சீரியல் நடிகைகளுக்கெல்லாம் இவ்வளவு சுருக்கமா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாயே, அதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். சாப்பிடும்போதெல்லாம் நினைத்து நினைத்துச் சிரிக்கிறார்.

போன சனிக்கிழமை எலிஸ்பர்க்கில் இருக்கிற கனோபெல்ஸ் ராட்டினப் பூங்காவுக்குப் போய் வந்தோம். மகள், மாப்பிள்ளை, மீனு, இவர், நான். 2014இல் நீயும் அம்மாவும் வந்தபோது நீ ‘நோபெல்ஸ்’ என்று சொல்ல, டிக்கெட் கூண்டிலிருந்த பெண் “க-னோபெல்ஸ்” என்று அழுத்தித் திருத்தினாளே, அந்தக் கூண்டு அப்படியே இருக்கிறது. உள்ளே போக இன்னும் காசு கிடையாது, கார் நிறுத்தவும் கிடையாது. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் போதும். வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல் வாசனையும் மாறவில்லை.

முழங்காலைச் சாக்காக வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் போனேன். மீனு விட்டால்தானே. ஐந்து வயசுப் பிடிவாதம். பெரிய குடைராட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். 1913இல் செய்தது அது. 63 குதிரைகள், எல்லாம் கையால் செதுக்கிய மரக்குதிரைகள். இவர் என்னைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட, மாப்பிள்ளை நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அந்த வளையம் பிடிக்கிற விஷயம் உனக்கு நினைவிருக்கும். வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் ஓர் இரும்பு வளையம். குதிரை கடக்கிற நொடியில் சுட்டுவிரலை மாட்டி வெடுக்கென்று இழுத்தால் கழன்று வரும், உடனே அடுத்தது சறுக்கி வந்து நிற்கும். எல்லாம் இரும்பு, ஒன்றே ஒன்று மட்டும் பித்தளை. அது சிக்கினால் இன்னொரு சுற்று இலவசம். முதல் இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாவது தடவை சேணத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தேன் பார், முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோச்சு. ஒன்பது இரும்பு வளையம் சேர்ந்தது, விரல் முட்டியில் தோல் உரிந்தது. பித்தளையை எனக்கு முன்குதிரையில் இருந்த ஒரு பொடியன் அடித்துவிட்டான். “பாட்டி, நீ விட்டுக்குடுத்துட்டியா?” என்று மீனு கேட்டாள். ஆமாம் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அடுத்த ஜூலை நான்காம் தேதி அந்தப் பூங்காவுக்கு நூறு வயசு. 1926இல் அதே தேதியில்தான் திறந்தார்கள். அன்றைக்கே இந்த நாட்டுக்கும் 250 நிறைகிறது, வாணவேடிக்கைக்குக் கேட்கவே வேண்டாம். திரும்பி வரும்போது காரில் இதுதான் சண்டை: நூறு வயசான பூங்கா இனிமேல் புதிதாக என்ன ராட்டினம் வைக்க வேண்டும்?

மாப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் உயரமான, இன்னும் வேகமான இரும்பு ரோலர் கோஸ்டர். நீ வந்துபோன மறுவருஷம் ‘இம்பல்ஸ்’ என்று ஒன்று வைத்தார்கள். 98 அடி நெட்டுக்குத்தாக ஏற்றி, தலைகீழாக நாலு தடவை புரட்டி எடுக்கும். அதைப் போல இரண்டு மடங்கு வேண்டுமாம் அவருக்கு. உயரத்தில் போட்டி போட்டால் சின்னப் பூங்கா தோற்றுத்தான் போகும் என்றேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹெர்ஷி பார்க்கில் 210 அடிக்கு ஒன்று நிற்கிறது. இவர்கள் 211 கட்டினால் அவர்கள் 250 கட்டுவார்கள். போன வருஷம் வேறு மாநிலத்தில் ஒரு பெரிய பூங்காவுக்குப் போய், ஒன்றே முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று, எங்கள் முறை வரும்போது “கோளாறு, இன்றைக்கு இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த மாதிரி அனுபவத்துக்கு நான் எலிஸ்பர்க் மலைப்பாதையில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டியதில்லை.

கனோபெல்ஸ் பிழைத்து நிற்பதே வேறு வழியில்தான். மற்றவர்கள் வேண்டாமென்று கழித்துப் போட்டதை எடுத்து வந்து தேய்த்துத் துடைத்து ஓட்டுவார்கள். நீ கத்திய கத்தலில் என் காது அடைத்துப்போனதே, அந்த ‘ஃபீனிக்ஸ்’ மரக்கோஸ்டர் டெக்ஸாஸ் சான் அன்டோனியோவில் இருந்தது. அந்தப் பூங்கா 1980இல் மூடியதும் அநாதையாக நின்றது. இவர்கள் ஒவ்வொரு கட்டையாகப் பிரித்து, குறித்து, லாரியில் ஏற்றி வந்து 1985இல் மறுபடி ஓடவிட்டார்கள். கருவறை போல இருட்டான ஒரு குகைக்குள் நுழைந்து, அப்புறம்தான் மேலே ஏறும், ஞாபகம் இருக்கா? 2018 முதல் பல வருஷம் உலகின் சிறந்த மரக்கோஸ்டர் என்று விருது வாங்கிவிட்டது. ‘பிளாக் டைமண்ட்’ என்ற சுரங்க ரயிலும் நியூ ஜெர்சி வைல்ட்வுட் கடற்கரையில் 2008 வரை ஓடி மூடியதுதான். நம்மூரில் பழைய வீட்டுத் தேக்குக் கதவை வாங்கி வந்து புது வீட்டு வாசலில் மாட்டுவார்களே, அதே புத்தி.

எல்லாப் பூங்காவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வில்லியம்ஸ் குரோவ் 2005இல் மூடிப்போனது. கானியாட் ஏரிப் பூங்காவின் ‘புளூ ஸ்ட்ரீக்’ மரக்கோஸ்டர், 1938இல் கட்டியது, 2022 ஜனவரியில் இடிக்கும்போதே தீப்பிடித்து எரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது யாரோ தெரிந்தவர் வீடு எரிகிற மாதிரி இருந்தது.

சரி, என் கட்சி என்னவென்று கேள். ‘கேட்டர்பில்லர்’ என்று ஒரு ராட்டினம் உண்டு. கம்பளிப்பூச்சிதான். வட்டமான தண்டவாளத்தில் பெட்டிகள் கோத்துக்கொண்டு மேடு பள்ளமாக ஓடும். வேகம் பிடித்ததும் பக்கவாட்டிலிருந்து பச்சைத் துணிக்கூண்டு ஒன்று எழும்பி எல்லார் தலைக்கும் மேலே மூடிக்கொள்ளும். ரிக்‌ஷாவின் மடக்குக்கூரை மாதிரி என்று வைத்துக்கொள். உள்ளே இருட்டு, குலுக்கல், பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்துவிழுதல். அந்தக் காலத்துக் காதலர்கள் இதற்காகவே வரிசையில் நிற்பார்களாம். 1920களில் வந்த சமாச்சாரம், இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருக்கிறது. கனோபெல்ஸில் இல்லை. எங்காவது ஒரு கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தால், மீனுவும் ஏறுவாள், நானும் ஏறுவேன். தலைகீழாகத் தொங்க வேண்டாம், முழங்காலையும் மடக்க வேண்டாம்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வாசலில் காசு வாங்குகிற பூங்காவுக்கு நீ உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை, பணம் ஏற்கெனவே வந்துவிட்டது. இங்கே அப்படி இல்லை. பெஞ்சில் பையைக் காவல் காக்கிற ஒவ்வொரு பாட்டியும் தாத்தாவும் விற்காத டிக்கெட். அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், குடைராட்டினத்தைச் சுற்றி மட்டும் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். இம்பல்ஸை இரண்டு மடங்காக்கினால் அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவராவது எழுந்திருப்பாரா, சொல்லு.

என் இரண்டாவது ஆசையை இவர் காரிலேயே கொன்றுவிட்டார். பிட்ஸ்பர்க் கென்னிவுட் பூங்காவில் 1901இலிருந்து ‘ஓல்ட் மில்’ என்று ஒன்று இருக்கிறது. இருட்டுக் குகை வழியாகப் படகு மெதுவாக மிதந்து போகும், அவ்வளவுதான். அதே மாதிரி ஒன்றை இங்கே ஓடைக்கரையில் வைக்கலாம் என்றேன். “1972, 2011” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டும் வெள்ளம் வந்து பூங்காவே மூழ்கிய வருஷங்கள். சிவில் இன்ஜினியரைக் கட்டிக்கொண்டால் இதுதான், கனவு காணும்போதுகூட வடிகால் கேட்பார்.

மகள் எதிலும் சேரவில்லை. “உக்கார நிழல் இருக்கு, கழிப்பறை சுத்தமா இருக்கு, வேற என்ன வேணும்” என்றாள். ஐந்து வயசுப் பிள்ளையை வைத்திருப்பவளின் நியாயம் அது.

ஏட்டி, இதையெல்லாம் உனக்கு எழுத ஒரு காரணம் உண்டு. 2014இல் நீங்கள் வந்த அன்றைக்கு அம்மா மத்தியானம் வரைக்கும் பெஞ்சை விட்டு அசையவில்லை. சேலை சக்கரத்தில் மாட்டும் என்றார், மயக்கம் வரும் என்றார். கடைசியில் அந்தக் குட்டி ரயிலில் ஏற்றினோம். காட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்ததும் இறங்கமாட்டேன் என்று மூன்று தடவை போனார். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பாளையங்கோட்டை தசராவில் கையால் சுற்றுகிற தொட்டில் ராட்டினத்தில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஏறியதையும், மேலே போனபோது தம்பி கீழே இருந்தவர் தலையில் மூத்திரம் பெய்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாரே. நீ முன்சீட்டில் தூங்கிவிட்டாய், நான்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதனால் அம்மாவிடம் கேட்டு எழுது. கம்பளிப்பூச்சியா, ரயில் மாதிரி இன்னொன்றா, இல்லை அந்தத் தொட்டில் ராட்டினமேதானா? அந்தப் பூங்காவில் யோசனைப் பெட்டி இருந்தால் அம்மா பெயரிலேயே போட்டுவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு என்று சமமாக நிற்கிறது. மீனு என் பக்கம்தான், ஆனால் அவள் ஓட்டு ஐஸ்கிரீமுக்கு மாறக்கூடியது.

நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்து இரண்டு மாசம். ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்துவிடு.

உன்
சுப்பு