மெக்கர் வைத்துப் பார்க்காமல் செருகாதே

உலகம்மை துணை
அம்பாசமுத்திரம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல்.

நீ சேர்த்து வைக்கிற பழைய வேக்குவம் கிளீனர்களில், ஞாயிற்றுக்கிழமை போனில் காட்டிய நில்பிஸ்க் கம்பெனிப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். அலுமினிய உடம்பில் ஒரு நசுங்கல்கூட இல்லை, நல்ல பொருள்தான். ஆனால் நீ வயரைத் தூக்கிக் காட்டியபோது பிளக்குக்குப் பக்கத்தில் ரப்பர் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. அதை அப்படியே செருகி ஓட்டியும் காட்டினாய். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது மோட்டார் இரைச்சலில் உனக்குக் கேட்கவில்லை. இனி அப்படிச் செய்யாதே. பழைய ரப்பர் வயர் பார்வைக்கு நன்றாக இருக்கும், மடக்கினால் உதிரும். ஒட்டுப் போடாமல் முழுவதையும் மாற்று. உலோக உடம்புள்ள பெட்டிக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார். மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிற 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் செருகவே கூடாது. ஈரமான கிடங்கில் கிடந்த மோட்டாரின் காயில், அதுதான் செம்புக்கம்பிச் சுற்று, ஈரத்தைக் குடித்திருக்கும். நம் கடையில் செய்வதுபோல் 100 வாட் குண்டு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டு இரவு முழுக்கக் காயவை. கார்பன் பிரஷ் உரசுகிற செம்பு உருளையை, கம்யூட்டேட்டரை, மெல்லிய உப்புத்தாளால் மட்டும் துடை. எமரி துணி வேண்டாம், அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். இதெல்லாம் உனக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போதே பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நீ. தெரிந்தவன் இப்படிச் செய்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நீ குழாய் வாயைக் கையால் பொத்தியதும் சத்தம் கீச்சென்று ஏறியதே, அப்போது கடையில் இருந்தவர்கள் மோட்டார் திணறுகிறது என்றார்கள். திணறவில்லை, காற்று வராததால் விசிறிக்குப் பாரம் குறைந்து வேகம் கூடுகிறது என்று நான் விளக்கினேன். இழுக்கும் காற்றிலேயே மோட்டார் குளிர்கிற வகை என்றால் அதிக நேரம் பொத்தாதே. தண்ணீரையும் உறிஞ்சும் இயந்திரங்களில் குளிர்ச்சிக்குத் தனிக் காற்றுவழி இருக்கும். அதில் தூசி அடைத்திருந்தால் காயில் கருகிவிடும். திறந்து பார்.

நீ சொன்ன கதைகளையும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாலமும் ராட்டினமும் கட்டிய பூத் என்ற எஞ்சினியர் 1901இல் லண்டனில் குதிரை வண்டியில் பெட்ரோல் எஞ்சினை ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டுத் தூசியை இழுத்ததையும், அடுத்த வருடம் ஏழாம் எட்வர்டு முடிசூட்டுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளத்தைச் சுத்தம் செய்ததையும் கேட்டு ஒருவர் இரண்டாவது டீக்கும் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பிடித்தது மற்றவர் கதை. அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்துக் காண்டன் என்ற ஊரில் கடையைக் கூட்டித் துடைத்தவர் ஸ்பேங்லர். ஆஸ்துமாக்காரர். தூசியில் இருமி இருமி, 1907இல் விசிறி மோட்டாரையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்து ஒன்றைச் செய்தார். மறுவருடம் காப்புரிமை வாங்கினார். அதுதான் பிறகு ஹூவர் கம்பெனி இயந்திரம் ஆயிற்று. ஆபீசையும் ஆஸ்பத்திரியையும் கூட்டிய இயந்திரங்களை உழைக்கும்வரை உழைக்க விட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள், அதனால்தான் கிடைப்பதில்லை என்றாய். அப்படிப்பட்டதைத் தேடி எடுத்து ஓட வைக்கிற கை உன்னுடையது என்று எனக்குப் பெருமைதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

உன் பெட்டிகள் கராஜில் இருந்தவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவை நிற்கும் அறையின் சுவரில் மஞ்சள் யானை ஸ்டிக்கர் இருக்கிறது. நான் வந்திருந்தபோது நாற்காலியில் ஏறி ஒட்டியது, தும்பிக்கை கொஞ்சம் கோணலாக இருக்கும். தொட்டில் கிடந்த மூலையில் ஒரு ஹூவர் நிற்கிறது. குழந்தை வளர்ந்துவிட்டாள், வேறு அறைக்கு மாறியிருப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. பழைய பைகளில் எந்தக் கட்டடத்துத் தூசி இருக்கிறதோ, ஆஸ்பெஸ்டாஸாகக்கூட இருக்கலாம். வீட்டுக்குள் பிரிக்காதே, உதறாதே. குழந்தை இருக்கிற வீடு. வயரையும் மாற்று.

இங்கே மணிமுத்தாறில் தண்ணீர் நன்றாக இருக்கிறது. பிசான நெல் நடவு முடிந்தது. தாழையூத்து அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று, சுகம்.

மருமகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். சரஸ்வதி பூஜையன்றும் அப்படித்தான் சொன்னாய், தீபாவளியன்றும் சொன்னாய். குழந்தை தூங்குகிறாள் என்றாய், அங்கே பகல் ஒரு மணி. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஆனால் சித்தப்பா ஊர் பேசுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்து என்ன ஆயிற்று என்று நீயும் கூட இருந்து பார்த்தாய். நம் வீட்டில் இன்னொருவர் அப்படி இருக்க வேண்டாம். எது நடந்திருந்தாலும் நீ என் பிள்ளை, அவள் என் மருமகள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நான் அங்கே இருந்த நாட்களில் எனக்காகத் தினமும் ரசம் வைத்தவள்.

திருநெல்வேலிக்குப் போய்ப் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்தால் மெக்கரும் கொண்டுவருகிறேன், எல்லாப் பெட்டியையும் உட்கார்ந்து சோதித்துவிடலாம். அதுவரை எதையும் செருகாதே.

அம்மா பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்கத் துணி எடுத்திருக்கிறாள், அரக்கில் பச்சைக் கரை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தோடு சேர்த்துப் பார்சல் போடுகிறோம். இடுப்பளவும் உயரமும் வேண்டும். உனக்குத் தெரியாது, மருமகளிடம் கேட்டு எழுது. குழந்தைக்குப் பார்சலை வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றால் அந்த முகவரியையும் எழுது.

இப்படிக்கு,
அப்பா